சந்துப் பக்கம் ஒரு கதவு

திருத்தணி
10 ஜூன் 2024

அன்புள்ள தமயந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருந்தேன். உனக்குக் காது மந்தமான பிறகு போனில் கத்த வேண்டியிருக்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் வேலை பார்த்தும் நான் ஒருநாளும் கத்தியதில்லை. ஆகவே வழக்கம்போல எழுதுகிறேன்.

ஊர் நீ பார்த்த ஊர் இல்லை. அரக்கோணம் ரோட்டில் நெல் விளைந்த இடமெல்லாம் பிளாட் கல். சுற்றியிருக்கும் கிராமங்களை நகராட்சியில் சேர்க்கப்போகிறார்களாம். அதற்கு முன்னால் ஒவ்வொரு வார்டிலும் கூட்டம் போட்டு, ஊர் பெரிதாகும்போது என்னென்ன புதிதாக வேண்டும் என்று ஜனங்களையே கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். நம் வார்டு கூட்டம் போன ஞாயிறு பள்ளிக்கூடத்தில் நடந்தது. கவுன்சிலர் தமிழ்செல்வி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேசியதெல்லாம் அவள் கணவர் பெருமாள்.

ஜனங்கள் கேட்டதைச் சொல்கிறேன். ஊர் எல்லையில் அலங்கார வளைவு. நீரூற்று. ஊர் பெயரைப் பெரிய எழுத்தில் விளக்கு போட்டு வைத்தால் வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். கார் நிறுத்த இடம். ஒருவர் விமான நிலையம் என்றார். அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

நான் எழுந்து, மார்க்கெட் தெருவில் பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும் என்றேன். பின்வரிசையில் ஒரு கிழவி என்ன கேட்டாங்க என்று விசாரிக்க, பக்கத்திலிருந்தவள் "கக்கூஸு கேக்கறாங்க" என்றாள். அதற்குத்தான் சிரித்தார்கள்.

பெருமாள் குழைவாகப் பேசினார். "மேடம், நீங்க சொல்றது கரெக்டுதான். ஆனா மொதல்ல ஆர்ச்ச போட்டுகினு, அத கடைசில போடலாங்க. லிஸ்ட்டு பாக்கறதுக்கு நல்லா இருக்கணும் இல்ல?"

கடைசியில் எழுதியது கடைசியில்தான் வரும் என்றேன். முதலில் எழுதும் வரை உட்காரவில்லை. எழுதினார்.

இந்த யோசனை எனக்குத் தானாக வரவில்லை. சனிக்கிழமைதோறும் எங்கள் ஆலயத்துக்காக நான் பூ வாங்குவது அம்சாவிடம், அவள் ஒரு மாதம் கடைக்கு வரவில்லை. கல்லடைப்பு. திரும்பி வந்தவளிடம், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார்களே, குடிக்கிறாயா என்று கேட்டேன். "காலைல ஒரு டம்ளர் காபிதாம்மா. அப்பால வூட்டுக்குப் போயிதான் தண்ணி. நடுவுல குடிச்சிட்டு எங்க போறது? பதினாறு வருஷமா இப்டிதான் பொழச்சிகினு இருக்கேன்" என்றாள். அந்தத் தெருவில் அவளைப் போல நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தேன். இத்தனை வருடம் எண்ணாமல் எப்படி இருந்தேன் என்று தெரியவில்லை.

அதே தெருவில் இருக்கும் உன் வீடு நன்றாக இருக்கிறது. வாடகைக்கு இருக்கும் குமரவேல் வாசலைச் சுத்தமாக வைத்திருக்கிறான்.

ரெபேக்கா


செகந்திராபாத்
19 ஜூன் 2024

அன்புள்ள ரெபேக்கா,

விமான நிலையம் கேட்டவர் யார் என்று எழுது. என் மகன் ஸ்ரீதரும் திருத்தணிக்குப் போகும்போதெல்லாம், அங்கே விமான நிலையம் இல்லையே என்றுதான் புலம்புகிறான்.

கான்வென்டில் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது என்று சுண்டு விரலைக் காட்டச் சொல்லி வளர்த்தார்கள். நீ எழுபத்து நாலு வயதில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் எழுந்து சொல்லியிருக்கிறாய். மதர் உயிரோடு இருந்தால் உன்னை முட்டி போட வைத்திருப்பார். நான் பக்கத்தில் நின்று பார்த்திருப்பேன்.

விளையாட்டு போகட்டும். நீ பிடித்தால் விடமாட்டாய், தெரியும். ஆனால் கேட்பது சுலபம், இடம்தான் கிடைக்காது. எல்லோருக்கும் வேண்டும், யார் வீட்டுப் பக்கமும் வேண்டாம். எங்கே கட்டப்போகிறார்கள்?

ஸ்ரீதர் திருத்தணி வீட்டை விற்கச் சொல்கிறான். பக்தர்களுக்கு லாட்ஜ் கட்ட ஒரு பார்ட்டி கேட்கிறதாம். நான் இருக்கும்வரை இல்லை என்று சொல்லிவிட்டேன். எங்கள் நைனா எனக்கென்று எழுதிவைத்த வீடு. இங்கே மருமகள் நன்றாகத்தான் கவனிக்கிறாள், குறை இல்லை. ஆனால் இந்த வீட்டில் நாற்காலியை நகர்த்துவதென்றாலும் யாரையாவது கேட்க வேண்டும். அங்கே ஒரு கதவாவது என் சொல்லுக்குத் திறக்கிறது என்பதே எனக்குப் போதும்.

தமயந்தி


திருத்தணி
3 ஜூலை 2024

அன்புள்ள தமயந்தி,

நீ எழுதியபடியே நடந்தது. கழிப்பறை வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. இடம் என்றதும் ஊருக்கே பக்தி வந்துவிட்டது.

மலைக்கு ஏறும் வழியில் நகராட்சிக்குச் சொந்தமான இடம் ஒன்று இருக்கிறது. கடைக்காரர்கள் சேர்ந்து வந்து, சாமி போகும் வழி என்றார்கள். ஆடிக் கிருத்திகைக்கு லட்சம் பேர் காவடி தூக்கி வரும் வழியில் பெண்களும் வருகிறார்களே, அவர்களுக்கு உடம்பு இல்லையா என்று கேட்டேன். கடையைத் திறக்க நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள்.

சரி, ஊரைக் குறை சொல்லும் முன் நம் கையைப் பார்ப்போம் என்று எங்கள் சபையில் கேட்டேன். ஆலய மதிலுக்கு வெளியே பயன்படாத மூலை இருக்கிறது. பொருளாளர் சைமன் எனக்குத் தம்பி முறை. "அக்கா, ஞாயித்துக்கெழம ஜெபம் நடக்கிற எடங்க" என்றான். மற்ற ஆறு நாளும் என்ன நடக்கிறது என்று கேட்டேன். கமிட்டியில் வைக்கிறேன் என்றான். கமிட்டியில் வைத்தது எதுவும் அங்கிருந்து எழுந்து வந்ததில்லை.

நகராட்சி இன்ஜினியர் ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு போய் மேலும் இரண்டு இடம் காட்டினார். ஒன்றில் மின்மாற்றி. இன்னொன்றில் வழக்கு. வெள்ளிக்கிழமை பட்டியல் மாவட்டத்துக்குப் போய்விடும், அதற்குள் இடமும் அதை ஒட்டியிருக்கும் வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வராவிட்டால் வளைவு முதலிடத்துக்கு வந்துவிடும் என்றார். அவர் சொன்னது போன புதன்கிழமை மாலை.

இடம் கிடைத்துவிட்டது. பட்டியலும் போய்விட்டது. விவரத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இரண்டு தடவை எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டிய விஷயம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ரெபேக்கா


செகந்திராபாத்
18 ஜூலை 2024

திருமதி ரெபேக்காள் தானியேல் அவர்களுக்கு,

நீங்கள் நிதானமாக எழுத வேண்டிய அவசியம் இனி இல்லை. நகராட்சியிலிருந்து வந்த நோட்டீசையும் கூட இருந்த தாள்களையும் குமரவேல் படம் எடுத்து ஸ்ரீதருக்கு அனுப்பியிருக்கிறான். என் வீட்டை ஒட்டி, குப்பைத் தொட்டி வைத்திருக்கும் நகராட்சி இடத்தில் கழிப்பறை வருகிறது. பக்கத்து வீட்டு உரிமையாளர் தமயந்தி என்கிற நான் மனப்பூர்வமாகச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஸ்ரீதர் அந்தப் படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி, "எப்பமா போட்ட?" என்று கேட்டான். மருமகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு மறதி ஆரம்பித்துவிட்டதென்று இருவரும் நினைத்தார்கள். ஒரு நிமிடம் நானும் நினைத்தேன். அது என் கையெழுத்துதான். இங்கிலீஷ் டி எழுத்தின் வால் வரைக்கும் என்னுடையது.

பிறகுதான் புரிந்தது. கான்வென்டில் அறுபது பெண்களுக்கும் ஒரே இங்கிலீஷ் எழுத்து. கோட்டை விட்டு இறங்கினால் மணிக்கட்டில் ஸ்கேல். எட்டாம் வகுப்பில் எனக்கு வயிற்றுவலி என்று லீவு சீட்டு எழுதி என் பெயரையும் நீங்களே போட்டுக் கொடுத்தீர்கள். அன்றைக்கு அது உபகாரம்.

போலீசில் எழுதிக் கொடுக்கலாம் என்கிறான் ஸ்ரீதர். வேண்டாம் என்று தடுத்திருக்கிறேன். உங்களுக்காக இல்லை. எழுபத்து நாலு வயதில் என் கையெழுத்து என்னுடையதுதானா என்று ஒரு ஸ்டேஷனில் நின்று நிரூபிக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் சம்மதம் இல்லை என்று நகராட்சி கமிஷனருக்கு நான் எழுதுவேன். ஒரு மாதம் தருகிறேன். அதற்குள் நீங்களே சரிசெய்தால் நல்லது.

தமயந்தி


திருத்தணி
26 ஜூலை 2024

தமயந்தி,

நான் செய்தது தவறு. அதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்து எழுதப்போவதைப் படிக்கும்போது நீ அதை மறந்துவிடக் கூடாது.

எனக்கு ஒன்றரை நாள்தான் இருந்தது. கடிதம் உனக்கு வர ஐந்து நாள், திரும்பி வர ஐந்து நாள். போனில் உனக்குக் கேட்காது. நீ மறுக்கமாட்டாய் என்று எனக்கு நிச்சயம். அறுபது வருடமாக உன்னை அறிந்தவள் நான். அந்த நிச்சயத்தில் போட்டேன். எனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் இப்போது இருப்பது குப்பைத் தொட்டி, அதைவிடக் கழிப்பறை உன் சுவருக்குக் கெடுதல் இல்லை. தினமும் இரண்டு முறை கழுவ ஆள் போடச் சொல்லி அதையும் எழுதி வாங்கியிருக்கிறேன்.

நாற்பது பெண்கள் காலை முதல் இருட்டும் வரை தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தப் பட்டியல் போனால் இன்னொன்று எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் ஒரு தட்டிலும் ஒரு கையெழுத்தை இன்னொரு தட்டிலும் வைத்துப் பார். நீ நியாயமானவள்.

ரெபேக்கா


செகந்திராபாத்
2 ஆகஸ்ட் 2024

திருமதி ரெபேக்காள் அவர்களுக்கு,

தராசு வேண்டாம். ஸ்ரீதரிடம் போன் இருக்கிறது. அவன் எண் உங்களிடம் இருக்கிறது. ஒரு வரி சொல்லியிருந்தால் அவன் பெரிய எழுத்தில் எழுதி எனக்குக் காட்டியிருப்பான். ஐந்து நிமிட வேலை. நீங்கள் அதைச் செய்யாததற்கு நேரம் காரணமில்லை. நான் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம்.

கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். கேட்கவில்லை. அதனால் இப்போது இல்லை.

இந்த வீட்டில் எனக்காக எல்லோரும் எல்லாவற்றையும் முடிவு செய்கிறார்கள். என் மாத்திரை, என் சேலை, நான் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது. அவர்களுக்கும் நான் மறுக்கமாட்டேன் என்று நிச்சயம். நீங்களும் அந்த வரிசையில் போய் நிற்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

தமயந்தி


திருத்தணி
14 ஆகஸ்ட் 2024

தமயந்தி,

நேற்று வார்டு கூட்டம் நடந்தது. உன் கடிதத்துக்குப் பதில் எழுதுவதைவிட அங்கே போவதுதான் முதல் வேலை என்று பட்டது.

பெருமாள் எனக்குச் சால்வை போடத் தயாராக வைத்திருந்தார். பட்டியலில் முதல் மூன்றுக்கும் அனுமதி வந்துவிட்டதாம், அதில் நம்முடையதும் ஒன்று. அவர் சால்வையைப் பிரிக்கும்போது நான் எழுந்து, சொல்ல வேண்டியது இருக்கிறது என்றேன். எழுதி எடுத்துப் போயிருந்ததைப் படித்தேன். சம்மதக் கடிதத்தில் இருக்கும் கையெழுத்து தமயந்தி அம்மாள் போட்டதில்லை, அவருக்குத் தெரியாமல் நான் போட்டது, அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், சட்டப்படி என்ன உண்டோ அதற்கு உட்படுகிறேன். இவ்வளவுதான். தாளை மடித்து மேஜைமேல் வைத்தேன்.

பெருமாள் என் பக்கம் குனிந்து, "மேடம், இத யாரும் கேக்கலயே. உக்காருங்க, பாத்துக்கலாம்" என்றார். யாரும் கேட்காததால்தான் சொல்கிறேன் என்றேன்.

இன்ஜினியர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு ஃபைலைக் கட்டி வைத்தார். என் மேல் புகார் எதுவும் எழுதப்போவதில்லை என்றார். சம்மதம் இல்லாததால் அந்த வேலை நின்றுவிட்டது. வளைவு முதலிடத்துக்கு வந்துவிட்டது. வெளியே வரும்போது சைமன் என்னைக் கண்டும் காணாதது போல் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். என் தானியேல் உயிரோடு இல்லையே என்று பல நாள் வருந்தியிருக்கிறேன். நேற்று ஒருநாள் அதில் ஒரு ஆறுதல் இருந்தது.

அம்சாவும் கடையைப் பக்கத்துக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தாள். இன்று காலை நானே அவள் கடைக்குப் போனேன். பூவைத் தொடுத்துக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள். "நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் இல்லம்மா?"

இருந்திருக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது? நான் செய்த தவறுக்கு விலை கொடுப்பது அவள். அதை உனக்கு எழுதுவது உன் மனதை மாற்றுவதற்கு இல்லை. நடந்ததை முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காக.

நீ சொன்னது உண்மை. பயந்துதான் கேட்கவில்லை. எனக்குச் சரியென்று பட்டதை மற்றவர்களும் சரியென்று சொல்லும்வரை காத்திருக்க எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. மன்னித்துவிடு என்று எழுத மூன்று தாள் கிழித்தேன். இது நான்காவது. மன்னித்துவிடு.

கழிப்பறையை நான் விடவில்லை. வேறு இடம் தேடுகிறேன்.

ரெபேக்கா


செகந்திராபாத்
28 ஆகஸ்ட் 2024

ரெபேக்கா,

கூட்டத்தில் நடந்ததை உன் கடிதம் வருவதற்கு முன்பே குமரவேல் சொல்லிவிட்டான். ஊரே பேசுகிறதாம். ஸ்ரீதர் அதை எனக்குப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டிவிட்டு, இனி பிரச்சினை தீர்ந்தது, லாட்ஜ் பார்ட்டியிடம் பேசலாம் என்றான்.

நான் அந்த நோட்டீசோடு வந்த வரைபடத்தைக் கொண்டுவரச் சொன்னேன். முன்பு கோபத்தில் சரியாகப் பார்க்கவில்லை. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். ரெபேக்கா, நீ எல்லாவற்றையும் சரிபார்ப்பவள் என்று பெயர். கதவை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாயா? மார்க்கெட் தெருவைப் பார்த்து, டீக்கடைக்கு நேர் எதிரே. அங்கே காலை முதல் எட்டுப் பேர் டம்ளரோடு நிற்கிறார்கள். அவர்கள் கண்ணுக்கு முன்னால் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு எந்தப் பெண் உள்ளே போவாள்? அம்சா போவாளா? நீ போவாயா? கட்டி முடித்து ஆறு மாதத்தில் பூட்டுப் போட்டிருப்பார்கள், பெண்கள் பயன்படுத்துவதில்லை என்று எழுதியும் வைத்திருப்பார்கள்.

கதவு என் வீட்டுச் சந்துப் பக்கம் வர வேண்டும். சந்துக்கும் அந்த இடத்துக்கும் நடுவில் என் மதில் இருக்கிறது. மதிலை உடைத்து மூன்றடி அகலத்துக்கு வழி எடுத்துக்கொள்ளட்டும். அந்த மூன்றடியை நான் நகராட்சிக்குக் கொடுக்கிறேன். பூவும் கீரையும் விற்கிறவர்கள் என் வீட்டைச் சுற்றிக்கொண்டு வருவதுபோல வந்து போகலாம், யாருக்கும் தெரியாது. விளக்கு ஒன்று போட வேண்டும். உள்தாழ்ப்பாள் இரண்டு வேண்டும், ஒன்று உடையும்.

ஸ்ரீதர் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. வீடு என் பெயரில் இருக்கிறது என்று அவனுக்கும் எழுதிக் காட்டினேன், பெரிய எழுத்தில்.

சம்மதக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் கமிஷனருக்கே அனுப்பிவிட்டேன். உன் மூலமாக அனுப்பவில்லை. இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டால் யார் போட்டதென்று ஆபீசில் சந்தேகம் வரும். அதனால், கான்வென்டுக்குப் போகும் முன் நைனா சிலேட்டில் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த தெலுங்கில் போட்டிருக்கிறேன். நீ ஒரு வருடம் உட்கார்ந்து பழகினாலும் அது உனக்கு வராது.

கோபம் போகவில்லை. போகும்போது எழுதுகிறேன்.

தமயந்தி


திருத்தணி
24 செப்டம்பர் 2024

அன்புள்ள தமயந்தி,

உன் கடிதத்தைக் கண்டு கமிஷனர் இன்ஜினியரை அழைத்து, இந்த அம்மாள் சொன்ன பக்கத்தில் கதவை முதலிலேயே நீங்கள் ஏன் வைக்கவில்லை என்று கேட்டாராம். கதவு விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. வரைபடத்தில் செப்டிக் டேங்கின் ஆழத்தைக்கூடச் சரிபார்த்தேன், கதவைப் பார்க்கவில்லை. இதை மற்றவர்களிடம் சொல்லாதே.

ஃபைலை மறுபடி திறந்துவிட்டார்கள். நேற்று மேஸ்திரி சாமிநாதன் இரண்டு ஆட்களோடு வந்து உன் மதிலை அளந்தார். அங்கேதான் ஒரு சிக்கல். நீ கொடுத்த மூன்றடிக்குள் உன் சிமென்ட் தண்ணீர்த் தொட்டியின் பாதி வருகிறது. தொட்டியை உடைத்தால் வழி நேராக இருக்கும். உடைக்காவிட்டால் கதவை ஒரு அடி தள்ளி வைத்து, வழியைக் கொஞ்சம் வளைக்க வேண்டும். இரண்டும் முடியும் என்கிறார்.

நீ மதில் என்றுதான் எழுதியிருக்கிறாய். தொட்டியைப் பற்றி எழுதவில்லை.

பெருமாளும் வந்திருந்தார். "அதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்களே மேடம். ஒடச்சிட்டு சொல்லிக்கலாங்க" என்றார். சொல்லிவிட்டு உடைக்கலாம் என்றேன். குமரவேல், தொட்டியை யாரும் பயன்படுத்துவதில்லை, பாசி பிடித்துக் கிடக்கிறது என்று சொன்னான். அவன் சொல்வது உண்மைதான், நானே பார்த்தேன். அம்சா, அந்தம்மா ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா என்றாள். நீ மறுக்கமாட்டாய் என்று எனக்கும் தோன்றுகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

உன் கடிதம் வர பத்து நாள் ஆகும் என்றதும், ஸ்ரீதர் சாருக்கு ஒரு போன் அடிச்சா இப்பவே முடிஞ்சிரும் என்றார் மேஸ்திரி. அடித்தேன். ஸ்ரீதர் எடுத்தான். அம்மாவிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது, தொட்டிதானே, எடுத்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி என்றான். உங்கள் அம்மாவின் தொட்டி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

தொட்டியை உடைக்கலாமா, கூடாதா? எது என்றாலும் ஒரு வரி எழுது. கோபத்தோடு எழுதினாலும் பரவாயில்லை.

மேஸ்திரி கையில் கடப்பாரை இருந்தால் பொறுக்கமாட்டார் என்று அதை வாங்கி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்று காலையிலேயே வந்து, லெட்டர் வந்துச்சாம்மா என்று கேட்டார். இன்னும் எழுதவே இல்லை என்றேன். டீ குடித்துவிட்டுப் போனார், நாளைக்கும் வருவார்.

ரெபேக்கா